எஞ்சின் ஆடுதுன்னா கம்பி கட்டலாமா? வாசகர் கேள்வி, பட்டறை பதில்

போன மாசம் எஞ்சின் மவுண்டிங் (எஞ்சினை பாடியோட சேர்த்து தாங்குற ரப்பர் கட்டை) கிழிஞ்சா என்னாகும்னு நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், "நாமளே ஒரு ராடு செஞ்சு எஞ்சினை புடிச்சு கட்டிடலாமா?"ன்னு. அதனால இந்த மாசம் முழுக்க அதையே பேசிடுவோம்.

நாமக்கல் வாசகர் ஒருத்தர் கேட்டது: அண்ணே வணக்கம். 2012 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வெச்சிருக்கேன், 1,40,000 கிலோமீட்டர் ஓடிருச்சு. மாசம் ரெண்டு தடவையாவது கொல்லிமலை ஏறுவேன். கொஞ்ச நாளா முதல் கியர்ல கிளட்ச் விடும்போது 'டொக்'னு ஒரு சத்தம், ஆக்சிலரேட்டரை விட்டு புடிச்சா மறுபடி 'டொக்'. பானட்டை தொறந்து வெச்சு தம்பியை ரேஸ் பண்ண சொல்லி பார்த்தேன், எஞ்சின் எந்திரிச்சு உக்காருது. லேத்து பட்டறைல ஒரு ராடு போட்டு எஞ்சினையும் பாடியையும் சேர்த்து இறுக்கிட்டா சரியாயிடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. வீட்ல வெல்டிங் மெஷின் இருக்கு, நானே செய்யணும்னு ஆசை. எப்படி செய்யறது?

பதில்: தம்பி, செய்யலாம், நல்லாவே செய்யலாம், நானும் நாலஞ்சு வண்டிக்கு செஞ்சிருக்கேன். ஆனா உங்க வண்டிக்கு முதல்ல வேண்டியது ராடு இல்ல, மவுண்டிங். 1,40,000 ஓடின வண்டில அந்த 'டொக்' வருதுன்னா பெரும்பாலும் அடியில இருக்கிற டார்க் ராடு, அதாவது எஞ்சின் முன்பின்னா ஆடாம புடிச்சிருக்கிற குட்டை கம்பி, அதோட புஷ் (முனையில இருக்கிற ரப்பர்) கிழிஞ்சிருக்கும், இல்லேன்னா கியர்பாக்ஸ் பக்க மவுண்டிங் ரப்பர் இரும்பை விட்டு பிரிஞ்சிருக்கும். அதை அப்படியே விட்டுட்டு மேல கம்பி கட்டினா உடைஞ்ச காலுக்கு கட்டு போடாம கைத்தடி மட்டும் குடுத்த மாதிரி ஆயிடும், தாங்க வேண்டிய பாரம் எல்லாம் கம்பி மேலயும் கம்பி கட்டின இடத்து மேலயும் வந்து உக்காந்துக்கும்.

நியூட்ரல்ல ரேஸ் பண்ணி பார்த்தது சரியான டெஸ்ட் இல்ல. ரேஸ் பண்ணும்போது எஞ்சின் லேசா துள்ளுறது எல்லா வண்டிலயும் இருக்கும், லோடு விழும்போது என்ன பண்ணுதுன்னுதான் பார்க்கணும். சமதளத்துல வண்டிய நிறுத்தி நாலு டயருக்கும் முன்னாடி பின்னாடி கல்லு வெச்சு ஹேண்ட்பிரேக் போட்டு, நல்லா வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தரை உள்ள உக்கார வெச்சு பிரேக்கை முழுசா மிதிச்ச மேனிக்கு முதல் கியர் போட்டு கிளட்சை மெதுவா விடச் சொல்லுங்க, எஞ்சின் கொஞ்சம் இறங்கி முனகுற இடம் வந்த உடனே மறுபடி மிதிச்சிடணும், ரெண்டு செகண்டுக்கு மேல வேண்டாம். நீங்க வண்டிக்கு பக்கவாட்டுல நின்னு பாருங்க, முன்னாடி யாரும் நிக்கவே கூடாது, கால் ஒரு தடவை வழுக்கினா போதும். முதல் கியர்ல எஞ்சினோட தலை பின்னாடி ஃபயர்வால் (எஞ்சினுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகட்டு சுவர்) பக்கம் சாயும், ரிவர்ஸ்ல முன்னாடி ரேடியேட்டர் பக்கம் சாயும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரல்கட்டை அளவு ஆடினா அது பாட்டுக்கு ஆடட்டும், ரப்பர் இருக்கிறதே அதுக்குத்தான். அதைத் தாண்டி போய் எங்கயோ முட்டி 'டொக்'னு நிக்குதுன்னா மவுண்டிங் போச்சு.

ஏன் சாயுதுன்னு கணக்கா புரிஞ்சுக்கிட்டா கம்பிய எங்க கட்டணும்னு தானா தெரிஞ்சிடும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. உங்க எஞ்சின் தர்ற டார்க், அதாவது முறுக்கு பலம், சுமார் 114 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் ஃபைனல் டிரைவும் (சக்கரத்துக்கு போறதுக்கு முன்னாடி வர்ற கடைசி பல்சக்கர ஜோடி) சேர்ந்து அதை பதிமூணு பதினாலு மடங்கு பெருக்கித்தான் ஆக்சிலுக்கு அனுப்புது, ஆக ஃபுல்லா மிதிச்சா சக்கரத்துக்கு போறது 1,500 நியூட்டன் மீட்டர் கிட்ட. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே கட்டியா போல்ட்டு போட்டு சேர்ந்திருக்கிற முன்சக்கர டிரைவ் வண்டில, சக்கரத்தை முன்னாடி சுத்த எவ்வளவு பலம் போகுதோ அதே பலம் அந்த கட்டிய பின்னாடி சுத்தப் பார்க்கும். அதை தாங்கி நிக்கிறது மவுண்டிங் மட்டும்தான். அது சுத்துற அச்சுல இருந்து 40 சென்டிமீட்டர் மேல நீங்க கம்பி கட்டினீங்கன்னு வெச்சுக்கோங்க, முழு பலத்தையும் அந்த கம்பி ஒண்ணே தாங்கணும்னா 1,500 வகுத்தல் 0.4, அதாவது 3,750 நியூட்டன், கிட்டத்தட்ட 380 கிலோ. ஏழு மூட்டை சிமெண்டுக்கு மேல. கீழ டார்க் ராடு நல்லா இருந்தா பெரும்பங்கை அது தாங்கிக்கும், கம்பிக்கு மிச்சம்தான் வரும். மவுண்டிங்கை முதல்ல மாத்துங்கன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிறது இதனாலதான்.

கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் ஆக்சிலரேட்டரை விட்டு, ரெண்டாவதோ முதலாவதோ கியர் போட்டு, மறுபடி மிதிச்சு ஏறணும். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவை சாயுது. சமவெளி ரோட்டுல ஓடுற வண்டிய விட உங்க மவுண்டிங் சீக்கிரம் தேயத்தான் செய்யும். அதனால புது மவுண்டிங் போட்டதுக்கு அப்புறமும் உங்க மாதிரி மலை ஏறுற ஆளுக்கு ஒரு கம்பி கூடுதல் துணையா இருக்கும்ங்கிறதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல.

இப்ப வேலைக்கு வருவோம்.

நிறைய பேரு தப்பு பண்ற இடம் கம்பியோட திசை. எஞ்சின் குறுக்கா படுத்திருக்கிற வண்டில அதோட தலை முன்னும் பின்னும்தான் ஆடுது, இடம் வலமா ஆடல. ஆனா பக்கத்துல ஸ்ட்ரட் டவர் (முன் ஷாக் அப்சார்பரோட மேல் முனை உக்கார்ற இடம்) கைக்கு வாட்டமா இருக்கிறதால எஞ்சின்ல இருந்து நேர் பக்கவாட்டுல டவருக்கு ஒரு கம்பி போட்டுடறாங்க. பார்க்க அழகா இருக்கும், வேலை ஒண்ணும் நடக்காது, கதவை கீல் பக்கம் புடிச்சு நிறுத்தப் பார்க்கிற மாதிரி. கம்பி முன்னும் பின்னுமா, முடிஞ்ச வரைக்கும் படுக்கையா, எஞ்சினோட எவ்வளவு மேல கட்ட முடியுமோ அவ்வளவு மேல வரணும். டவர்தான் கெட்டியான இடம், வேற வழி இல்லைன்னா டவர்ல ஒரு பிளேட் போட்டு அதுல இருந்து ஒரு கையை நீட்டி, கம்பி முன்பின்னா வர்ற மாதிரி அமைச்சுக்கோங்க. கொஞ்சம் கோணலா வந்தா பரவால்ல, 30 டிகிரி வரைக்கும் நான் விட்டுடுவேன்.

எஞ்சின் பக்கம் புடிக்க நல்ல இடம், எஞ்சினை தூக்குறதுக்குன்னே ஹெட்ல (எஞ்சினோட மேல் பாகம்) ஒரு ஹூக் போல்ட்டு போட்டிருப்பாங்க பாருங்க, அது. மொத்த எஞ்சினையும் தொங்க விடுற இடம்ங்கிறதால ஓரளவு பலம் இருக்கும். ஒரு போல்ட்டு மட்டும் இருந்தா அதுல கட்டாதீங்க, பிளேட் சுத்தி லூசாயிடும், ரெண்டு போல்ட்டாவது வேணும். இன்டேக் மேனிஃபோல்டு பிளாஸ்டிக், டாப்பட் கவர் மெல்லிசு, டைமிங் கவர்ல ஆயில் ஒழுக ஆரம்பிக்கும், ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுல கட்டினா பெல்ட் லைன் மாறும், இது எதையும் தொடாதீங்க. பாடி பக்கம் ஃபயர்வால் தகட்டையும் ரேடியேட்டர் மேல போற தகட்டையும் தொடாதீங்க, அது எல்லாம் 380 கிலோ பக்கம் வர்ற இழுவைக்கு செஞ்ச தகடு இல்ல.

ஹெட் அலுமினியம்ங்கிறத மறந்துடாதீங்க. 6 மில்லி பிளேட் உள்ள போகுதுன்னா பழைய போல்ட்டு 6 மில்லி மரையை இழந்துடும், அதனால அந்த அளவுக்கு நீளமான போல்ட்டு வாங்குங்க, 8.8 கிரேடுன்னு தலையில அடிச்சிருக்கணும். அலுமினியத்துல மரை போல்ட்டு தடிமன்ல ஒண்ணரை மடங்காவது உள்ள இறங்கணும், எம் 8 போல்ட்டுன்னா 12 மில்லி. அதே சமயம் ரொம்ப நீளமும் ஆகாது, அது அடிப்பக்கம் அடைச்ச ஓட்டை, நுனி போய் அடியில முட்டிக்கிட்டு நிக்கும், நீங்க இறுகிடுச்சுன்னு நினைப்பீங்க, பிளேட் லூசாவே இருக்கும், இன்னும் ஒரு இழு இழுத்தா ஹெட் விரிசல். ஓட்டைக்குள்ள ஆயில் தேங்கி இருந்தாலும் இதே கதைதான். ஒரு குச்சிய விட்டு ஆழத்தை அளந்து பஞ்சு சுத்தி தொடச்சுட்டு அப்புறம் போடுங்க.

முதல்ல அட்டையில வெட்டி பாருங்க, பழைய கேலண்டர் அட்டை போதும். அட்டை உக்காந்தா பிளேட்டும் உக்காரும். எஞ்சின் பக்கம் 6 மில்லி எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட், டவர் பக்கம் 5 மில்லி. டவர்ல ஷாக் அப்சார்பர் மேல வர்ற ஸ்டட்டுல பிளேட் போடறதா இருந்தா நட்டு முழுசா மரை புடிச்சு ரெண்டு சுத்தாவது வெளிய தெரியுதான்னு பாருங்க, தெரியலைன்னா அந்த ஸ்டட்டை விட்டுடுங்க, அது சஸ்பென்ஷனை புடிச்சிருக்கிற நட்டு, அதுல விளையாட்டு வேண்டாம். கம்பிக்கு 25 மில்லி வெளிவட்ட பைப், சுவர் 3 மில்லி. ஒரு முனையில வலது மரை இன்னொண்ணுல இடது மரை நட்டை லேத்துல போட்டு வெல்டு வெச்சுட்டா, நடு பைப்பை சுத்தினாலே நீளம் கூடும் குறையும், அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரு லாக் நட்டு. கம்பி 20 சென்டிமீட்டருக்கு குறையாம இருந்தா நல்லது, பள்ளத்துல எஞ்சின் மேல கீழ குதிக்கும்போது குட்டை கம்பி கோணி பிராக்கெட்டை முறுக்கும்.

இனிதான் முக்கியமான பாகம், ரப்பர். ரெண்டு முனையிலயும் புஷ் இருந்தா நல்லது, குறைஞ்சது ஒரு முனையிலயாவது இருந்தே ஆகணும். ஷாக் அப்சார்பர் அடி கண்ணுல வர்ற ரப்பர் புஷ்ஷு, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கேட்டாலே நாலஞ்சு சைஸ் எடுத்து போடுவாங்க, நடுவுல இரும்பு குழாய் இருக்கிறதா பார்த்து எடுங்க, எம் 10 போல்ட்டு போற அளவு. அந்த இரும்பு குழாயைத்தான் போல்ட்டு இறுக்கணும், ரப்பரை இல்ல.

நான் ரப்பர் ரப்பர்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. என் சொந்த மாருதி ஜென் வண்டிக்கு நான் முதன் முதல்ல செஞ்ச கம்பில ரெண்டு பக்கமும் இரும்பு ராடு எண்டு போட்டேன், ரப்பரே கிடையாது, ரேஸ் வண்டில அப்படித்தான் இருக்குன்னு பார்த்துட்டு வந்து செஞ்சது. அன்னைக்கு சாயங்காலம் ஒரு சுத்து போய்ட்டு வந்தப்ப கியர் விழுற சுகமே தனியா இருந்துச்சு, கிளட்ச் விட்ட மாத்திரத்துல வண்டி இழுத்துச்சு. சிக்னல்ல நின்னப்பதான் கண்ணாடில பின்னாடி நிக்கிற வண்டியோட நம்பர் பிளேட்டை படிக்க முடியல, எழுத்து எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. டேஷ்போர்டு கிளவ் பாக்ஸ் மூடி தானா கிலுகிலுன்னு ஆடுச்சு. பழகிடும்னு விட்டேன். மூணாவது வாரம் பானட்டை தூக்கி பார்க்கிறேன், டவருக்கு பக்கத்துல தகடு சேர்ற இடத்துல பெயிண்ட் முடி மாதிரி ஒரு கோடு வெடிச்சிருக்கு, நகத்தால சுரண்டினா உள்ள துரு. ஸ்பாட் வெல்டு விட ஆரம்பிச்சிருச்சு. அன்னைக்கே கழட்டிட்டேன். பாடில வந்த விரிசல் ஆயுசுக்கும் அந்த வண்டியோடயே இருந்துச்சு, எனக்கு இன்னைக்கும் அதை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கும்.

ஏன் அப்படி ஆச்சுன்னா, 4 சிலிண்டர் எஞ்சின் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வெடிக்கும். ஐடிலிங் நிமிஷத்துக்கு 750 சுத்துல நின்னா செகண்டுக்கு 25 தடவை எஞ்சின் உதறுது. மவுண்டிங் ரப்பரோட சொந்த ஆட்டம் செகண்டுக்கு பத்து சொச்சம்னு இருக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க, 25 அதை விட ரொம்ப தள்ளி இருக்கிறதால உதறல் பாடிக்கு வராது. ரப்பரை கெட்டியாக்க ஆக்க அந்த பத்து ஏறும், பதினஞ்சு, இருபதுன்னு உதறலுக்கு பக்கத்துல போகப் போக வண்டி மொத்தமும் சேர்ந்து உதறும். வெறும் இரும்புன்னா கேக்கவே வேண்டாம், உதறல் நேரா பாடிக்கு போய்டும். கோயம்புத்தூர் செட்டிபாளையம் ரேஸ் டிராக்ல ஓடுற வண்டிக்கு இது எல்லாம் ஒரு பொருட்டே இல்ல, கால் மணி நேரம் ஓடிட்டு நின்னுடும். நீங்க குடும்பத்தை ஏத்திட்டு போற வண்டி.

மாட்டும்போது வண்டி சக்கரத்துல நிக்கணும், ஜாக்கில இல்ல. போல்ட்டு எல்லாம் லூசா மாட்டி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல கொஞ்ச நேரம் விட்டு ஆஃப் பண்ணுங்க, எஞ்சின் தன் இடத்துல தானா உக்காந்துக்கும். இப்ப நடு பைப்பை சுத்தி, போல்ட்டு விரலால தள்ளினாலே உள்ள போற அளவுக்கு நீளம் வெச்சு, அப்புறம் இறுக்குங்க. கம்பி எஞ்சினை இழுக்கவும் கூடாது தள்ளவும் கூடாது. கொஞ்சம் இழுத்து கட்டுனா இன்னும் டைட்டா இருக்குமேன்னு ஆசைப்பட்டா நாள் முழுக்க அந்த இழுவையிலயே மவுண்டிங் நிக்கும், புது மவுண்டிங்கும் சீக்கிரம் போயிடும்.

பானட் இடிக்குதான்னு பார்க்க ஒரு வழி இருக்கு, சப்பாத்தி மாவு. நெல்லிக்காய் சைஸ்ல உருட்டி கம்பி மேல உயரமான ரெண்டு மூணு இடத்துல வெச்சு, மேல ஒரு பிளாஸ்டிக் கவரை போட்டு, பானட்டை மூடி தொறங்க. நசுங்கின மாவோட கனம்தான் உங்க இடைவெளி. 15 மில்லிக்கு கம்மின்னா கம்பிய இறக்குங்க, எஞ்சின் மேல குதிக்கும்ல. பிரேக் மாஸ்டர் சிலிண்டர், பெட்ரோல் லைன், வயரிங், ஏசி பைப் எதுலயும் உரசக்கூடாது. சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் போனா நைலான் வெச்ச லாக் நட்டு போடாதீங்க, 120 டிகிரிக்கு மேல அந்த நைலான் இளகிடும், முழு இரும்பு லாக் நட்டு கேட்டு வாங்குங்க. முதல் 100 கிலோமீட்டர்ல ஒரு தடவை, 1,000ல ஒரு தடவை எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் வெச்சு பாருங்க. பெயிண்ட் மார்க்கர்ல நட்டு மேல ஒரு கோடு இழுத்து வெச்சுட்டா திரும்பியிருக்கான்னு பார்த்த உடனே தெரியும்.

இன்னொரு விஷயம், வண்டி மாத்தறது சம்பந்தமா மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவு இருக்கு. அதனால பாடில ஓட்டை போடறது, வெட்டி வெல்டு வைக்கிறது எதுவும் வேண்டாம், இருக்கிற போல்ட்டுலயே கழட்டி மாட்டுற மாதிரி செய்யுங்க. வாரண்டில இருக்கிற வண்டின்னா இந்த வேலையே வேண்டாம்.

ஈரோடு வாசகர் ஒருத்தர் கேட்டது: சார், கம்பிக்கு பதிலா பழைய பானட் கேஸ் ஷாக் ஒண்ணு போட்டா போதும், டேம்பர் மாதிரி ஆட்டத்தை அடக்கிடும்னு சொல்றாங்களே?

பதில்: இல்லீங்க. பானட்டை தூக்குற கேஸ் ஷாக் எப்பவும் ஒரே பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கும், அது டேம்பர் இல்ல, ஸ்பிரிங். அதை எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல போட்டா வண்டி சும்மா நிக்கும்போது கூட எஞ்சினை ஒரு பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கும், மவுண்டிங் ஒரு பக்கமா படுத்துடும். கடையில எஞ்சின் டேம்பர்னு விக்கிறது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தடுக்கிற ஆயில் டேம்பரா இருக்கணும், வாங்கும்போது கையில வெச்சு அமுக்கி பாருங்க, அமுக்கினது தானா வெளிய வந்தா வேண்டாம்னு வெச்சுடுங்க. அமுக்கின இடத்துலயே நிக்கணும், இழுக்கவும் அதே பலம் கேக்கணும். அப்படிப்பட்டது நல்ல சாமான், மெதுவா சாயறத தடுக்காது, பட்டுன்னு வர்ற அடியை மட்டும் வாங்கிக்கும், ஐடிலிங் உதறலும் கம்பி அளவுக்கு உள்ள வராது.

மதுரையில இருந்து ஒரு வாசகி கேட்டது: அண்ணா, ஆல்டோ கே10 வெச்சிருக்கேன். ஏசி போட்டு சிக்னல்ல நின்னா ஸ்டியரிங், சீட்டு எல்லாம் நடுங்குது. இங்க ஒரு மெக்கானிக் எஞ்சினுக்கு பிரேஸ் கம்பி போட்டா நின்னுடும்னு சொல்றாரு. போடலாமா?

பதில்: வேண்டாம்மா, போட்டீங்கன்னா இப்ப இருக்கிறத விட ரெண்டு மடங்கு நடுங்கும். உங்களோடது 3 சிலிண்டர், ஒரு சுத்துக்கு ஒண்ணரை தடவைதான் வெடிக்கும், 750ல நின்னா செகண்டுக்கு 19 தடவை பக்கம். மேல சொன்ன கணக்குப்படி அது ரப்பரோட சொந்த ஆட்டத்துக்கு இன்னும் கிட்ட, அதனால 3 சிலிண்டர் வண்டிக்கு மவுண்டிங் மெத்துன்னுதான் இருக்கணும், கம்பி ஆகவே ஆகாது. கம்பி புடிக்கிறது கியர் போட்டு மிதிக்கும்போது வர்ற சாய்மானத்தை, நின்ன இடத்துல வர்ற நடுக்கத்தை இல்ல. உங்களுக்கு பார்க்க வேண்டியது வேற. ஏசி கம்ப்ரசர் ஏறும்போது ஐடிலிங் கொஞ்சம் ஏறணும், ஏறுதா இறங்குதான்னு மீட்டர்ல பாருங்க, இறங்கினா திராட்டில் பாடி கிளீன் பண்ணனும். பிளக் எவ்வளவு நாளாச்சுன்னு பாருங்க. அப்புறம் மவுண்டிங். மூணும் பார்க்காம கம்பி போடச் சொல்ற இடத்துல வண்டிய விட வேண்டாம்.

பொள்ளாச்சி வாசகர் ஒருத்தர் கேட்டது: என்கிட்ட பழைய ஜீப் இருக்குங்க, தோட்டத்துக்கு ஓடுது. மிதிச்சா எஞ்சின் ஒரு பக்கமா சாஞ்சு ஃபேன் போய் ஷ்ரவுடுல (ஃபேனை சுத்தி இருக்கிற கூடு) உரசுது. இதுக்கும் அதே மாதிரி முன்பின்னா கம்பி போடணுங்களா?

பதில்: உங்களுக்கு கதையே வேறங்க. ஜீப்புல எஞ்சின் நீளவாக்குல இருக்கு, கிராங்க் முன்பின்னா ஓடுது, அதனால எஞ்சின் இடம் வலமா சாயும். கம்பி போடறதா இருந்தா எஞ்சினோட பக்கத்துல இருந்து ஃப்ரேமுக்கு செங்குத்தா வரணும். உங்களுக்கு ஒரு சௌகரியம், ஃப்ரேம் கெட்டியான இரும்பு, முன்சக்கர டிரைவ் கார் மாதிரி தகட்டுக்கு பயப்பட வேண்டாம். இன்னொரு சௌகரியம், ஃபைனல் டிரைவ் பின்னாடி ஹவுசிங்ல தனியா இருக்கிறதால அது பெருக்குற டார்க்கை ஆக்சிலும் பிளேட்டு ஸ்பிரிங்கும் வாங்கிக்குது, எஞ்சின் கியர்பாக்ஸ் மவுண்டிங்குக்கு கியர் பெருக்குற டார்க் மட்டும்தான். அப்படி இருந்தும் ஃபேன் உரசுற அளவுக்கு சாயுதுன்னா ரப்பர் ஆயில் குடிச்சு ஊறி பிரிஞ்சு போயிருக்கும். எங்கயோ ஆயில் ஒழுகி மவுண்டிங் மேல சொட்டுது, அதை முதல்ல நிறுத்துங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்துங்க. அதுக்கு மேலயும் உரசினா கம்பி பத்தி பேசலாம், நான் பார்த்த வரைக்கும் தேவைப்பட்டதில்ல.

சேலத்துல காலேஜ் படிக்கிற தம்பி கேட்டது: அண்ணா, டார்க் ராடு புஷ்ஷுல இருக்கிற சந்துல கண்ணாடி ஒட்டுற பாலியூரிதேன் பசையை ஊத்திட்டா கம்பியே வேண்டாம்னு ஒரு வீடியோல பார்த்தேன். நிஜமா?

பதில்: நிஜம்தான் தம்பி, நல்ல வழியும் கூட, ஆனா ரப்பர் கிழியாம இருக்கிற புஷ்ஷுக்கு. கிழிஞ்சதை ஒட்ட வெக்கிற மருந்து இல்ல அது. எண்ணெய் பிசுக்கு துளியும் இல்லாம கழுவி, முழுசா காய வெச்சு, உப்புத்தாள்ல தேய்ச்சு சொரசொரப்பாக்கிட்டு ஊத்தணும், கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் பிடிக்காது. அந்த பசை காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துத்தான் காயும், ஒரு நாளைக்கு மூணு மில்லி சொச்சம்தான் உள்ள இறங்கும், ஒரே தடவையா ரொப்பிட்டு அடுத்த நாள் மாட்டினா மேல தோல் மாதிரி காஞ்சிருக்கும், உள்ள அல்வா மாதிரி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூணு நாள்ல ஊத்தி, அப்புறம் ஒரு வாரம் நிழல்ல விட்டுடுங்க. ஆயில் ரொப்பின ஹைட்ராலிக் மவுண்டிங்குல இந்த வேலைய பண்ணக்கூடாது. ஐடிலிங்ல கொஞ்சம் நடுக்கம் கூடும், அதுக்கு தயாரா இருங்க.

யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு வாசகர் கேட்டது: அண்ணை, என்னட்ட அப்பா காலத்து மினி ஒண்டு நிக்குது, இப்பவும் ஓடுது. கிளச்சை விட்டா கார் முழுக்க நடுங்கித்தான் வெளிக்கிடும், சைலன்சர் குழாய் மூண்டு தரம் ஒட்டிப்போட்டன், திரும்பத் திரும்ப அதே இடத்திலதான் வெடிக்குது. எஞ்சினுக்கும் உள்ளுக்கு இருக்கிற சுவருக்கும் நடுவில ஒரு கம்பி இருக்கு, அதை எடுத்துப்போட்டு கெட்டியா ஒண்டு செய்யலாமோ?

பதில்: ஐயா, உங்க கடிதத்தை படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா இந்த மாசம் எல்லாரும் வீட்ல செய்யப் பார்க்கிற சாமானை 1959லயே கம்பெனி மாட்டி குடுத்தது உங்க மினிலதான். அலெக் இசிகோனிஸ் அந்த காரை வடிவமைச்சப்ப எஞ்சினை குறுக்கா போட்டு, கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில ஆயில் சம்ப்புக்குள்ளயே வெச்சாரு. ரெண்டு மவுண்டிங்கும் கீழ ரெண்டு முனையில இருக்கு, அதனால மேல் பாகம் முன்பின்னா ஆடும், அதை நிறுத்தத்தான் நீங்க சொல்ற கம்பி, அதோட பேரே எஞ்சின் ஸ்டெடி. முன்பின்னா, மேல, ரெண்டு முனையிலயும் ரப்பர். மேல நாமக்கல் தம்பிக்கு நான் பக்கம் பக்கமா எழுதினது எல்லாம் அதுல இருக்கு.

நீங்க சொல்ற ரெண்டு நோயும், கிளச் நடுக்கமும் குழாய் வெடிக்கிறதும், அந்த ஸ்டெடி புஷ் தேஞ்சதுக்கு அச்சு அசலான அடையாளம். எஞ்சின் ஆடுது, குழாயோட மறுமுனை பாடில கட்டியிருக்கு, நடுவுல இருக்கிற இடம் வளைஞ்சு வளைஞ்சு வெடிக்குது, எத்தனை தரம் ஒட்டினாலும் அங்கதான் வெடிக்கும். கம்பிய தூக்கி போடாதீங்க. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஹெட்டை புடிச்சு முன்னயும் பின்னயும் ஆட்டுங்க, கம்பியோட முனையில போல்ட்டு புஷ்ஷுக்குள்ள டக் டக்னு அசையறது கண்ணுக்கே தெரியும். ரெண்டு முனை புஷ்ஷையும் மாத்துங்க, பாலியூரிதேன் புஷ் கிடைச்சா அதையே போடுங்க, இந்த கம்பிக்கு அது நல்லா பொருந்தும். ஓட்டை முட்டை மாதிரி நீண்டு போயிருந்தா மட்டும் லேத்துல குடுத்து புது கண்ணு வெச்சு வெல்டு பண்ணிக்கோங்க, நீளம் ஒரு மில்லி கூட மாறாம. போல்ட்டும் நடுவுல தேஞ்சு இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும், கழட்டின உடனே விரலை ஓட்டி பாருங்க, பழைய போல்ட்டை புது புஷ்ஷுல போட்டுடாதீங்க. பிந்தின மினிகள்ல கியர்பாக்ஸுக்கு கீழயும் ஒரு ஸ்டெடி இருக்கும், உங்களதுல இருந்தா அதோட புஷ்ஷையும் பார்த்துடுங்க. இதை முடிச்சுட்டு அதுக்கப்புறம் சைலன்சர் குழாயை நாலாவது தரம் ஒட்டுங்க, ஒட்டும்போது குழாய் எதையும் இழுக்காம தானா தன் இடத்துல நிக்குதான்னு பார்த்துட்டு கிளாம்பை இறுக்குங்க.